சர்வதேசப் பாடசாலைகள், திருகோணமலை மாவட்டம்

இலங்கையில் பெரும்பாலும் பிரித்தானியப் பாடத்திட்டத்தைக் கற்பிக்கும் கட்டணப் பள்ளிகள் சர்வதேசப் பாடசாலைகள் எனப்படுகின்றன. கட்டாயக் கல்வி வயதினருக்குப் புதிய தனியார் பாடசாலை தொடங்குவதை 1961ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்ததால், இவை கம்பனிச் சட்டத்தின் கீழ் வணிக நிறுவனங்களாகப் பதியப்பட்டன. கல்வி அமைச்சின் மேற்பார்வை இவற்றின்மீது மெலிவாகவே உள்ளது. ஆசிரியர் தகைமையும் பள்ளிக்குப் பள்ளி வேறுபடும்.

இவற்றின் மாணவர் எழுதும் கேம்பிரிட்ஜ், எடெக்செல் தேர்வுகள் உலகெங்கும் ஏற்கப்படுபவை. ஆங்கிலத் தேர்ச்சி, பாடத்தெரிவில் நெகிழ்வு, ஆண்டில் ஒருமுறைக்கு மேல் தேர்வெழுதும் வாய்ப்பு ஆகியவை இப்பாடசாலைகளின் பலம். தமிழும் இலங்கை வரலாறும் பின்தங்குவது பலவீனம்.

திருகோணமலை மாவட்டத்தில் இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. பெற்றோர் பலர் இதைப் பிந்தியே உணர்கின்றனர். அரச பல்கலைக்கழக அனுமதியின் பொதுவழி உள்நாட்டு உயர்தரத் தேர்வின் தரப்படுத்திய மதிப்பெண்ணான இசட் புள்ளியே. கலைப் பிரிவு தவிர்ந்த பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் திருகோணமலையும் அடங்கும். லண்டன் உயர்தரம் எனப்படும் பிரித்தானியத் தேர்வை மட்டும் எழுதும் மாணவருக்கு இச்சலுகை கிட்டாது. வெளிநாட்டுப் பட்டத்துக்குச் செலவிட வசதியற்ற குடும்பங்களுக்கு ஸ்ரீ கோணேஸ்வரா இந்துக் கல்லூரி போன்ற அரச பாடசாலைகளே பாதுகாப்பான தெரிவு.