மினெஸ்த்ரோனே

அவரை விதையும் காரட்டும் வெங்காயமும், அந்தந்தப் பருவத்தில் தோட்டம் தருகிற பிற காய்களும் ஒரே பாத்திரத்தில் நெடுநேரம் வெந்து, அரிசியோ சிறு பாஸ்தாவோ சேர்ந்து கெட்டிப்படுகிற உணவுக்கு இத்தாலியக் குடும்பங்களில் மினெஸ்த்ரோனே என்று பெயர். சூப்பைக் குறிக்கும் 'மினெஸ்த்ரா' என்பதோடு பருமையைக் குறிக்கும் 'ஓனே' விகுதி சேர்ந்து உண்டான சொல் இது. சிறுமை விகுதியாகிய 'ஈனா' சேர்ந்தால் 'மினெஸ்த்ரீனா' ஆகி, நோயாளிக்கும் குழந்தைக்கும் தரும் இலேசான சூப்பைச் சுட்டும்.

மினெஸ்த்ராவின் தாது காயையும் குறிக்கவில்லை, நீரையும் குறிக்கவில்லை. பணிவிடை செய்தல், பரிமாறுதல் என்னும் பொருளுடைய 'மினிஸ்த்ராரே' என்ற லத்தீன் வினையிலிருந்து அது பிறந்ததாதலால், 'பரிமாறப்படுவது' என்பதே அதன் நேர்ப்பொருள். அவ்வினைக்கு மூலமான 'மினிஸ்தெர்' வெறும் பணியாளனைக் குறித்து, பின்னர் அரசனுக்குப் பணிபுரிபவனையும் குறிக்கலாகி, ஆங்கிலத்தின் வழியே நாம் மினிஸ்டர் என வழங்கும் சொல்லாயிற்று. மந்திரி பதவியும் கிண்ணத்துச் சூப்பும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று காணும்போது எனக்கு உண்டாகும் ஆனந்தம் சொல்லுந்தரமன்று.

1891இல் பெல்லெக்ரீனோ அர்தூசி வெளியிட்ட பிரசித்தமான சமையல் நூல், சாறுள்ள மினெஸ்த்ரா, சாறற்ற மினெஸ்த்ரா என இருவகை வகுத்து, சாறின்றி உண்ணும் பாஸ்தாவையும் பின்னதில் அடக்குகிறது. விருந்தின் தொடக்கத்தில் பரிமாறப்படுவது எதுவாயினும் மினெஸ்த்ராவே என்னும் பழம்பொருளின் சாயை அங்கே தெரிகிறது. மிலான் நகரத்தார் மினெஸ்த்ரோனேயில் அரிசி இடுவர். ஜெனோவாவினரோ, துளசிக்கு உறவான பாசிலிகோ இலையை அரைத்த பெஸ்தோவை இறுதியில் கலப்பர்.