சிவானந்த வித்தியாலயமும் மட்டக்களப்புச் சமூகமும்

ஒரு கல்லூரியின் ஆண்டுச் சாதனைகளை எடுத்துரைப்போர் பெரும்பாலும் பரீட்சை முடிவுகளையும் விளையாட்டு வெற்றிகளையும் எண்ணிக் கூறுவர். பரிசளிப்பு விழாவில் அதிபர் வாசிக்கும் அறிக்கையும் அவ்வாறே அமைதல் வழக்கம். இவை வேண்டப்படுவனவே. ஆயின், ஒரு சமூகம் தன் முயற்சியாற் கட்டியெழுப்பிய பள்ளிக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அப்பள்ளியை அவ்வாண்டிலே தாங்கியவர் யாவர், அப்பள்ளி தாங்கியவர் யாவர் என்பதே அக்கணக்கு. மட்டக்களப்பு நாட்டில் அதனை ஆராய்தற்குத் தக்க சான்றாக விளங்குவது, 1929 ஆம் ஆண்டிலே கல்லடி உப்போடையில் தோன்றிய சிவானந்த வித்தியாலயமாகும்.

இந்நாட்டில் ஆங்கிலக் கல்வியின் வரலாறு கிறித்தவ சங்கங்களின் முயற்சியோடு தொடங்குகின்றது. 1814 ஆம் ஆண்டிலே மட்டக்களப்பை அடைந்த மெதடிஸ்த குருவாகிய வில்லியம் ஆல்ட், மறு ஆண்டிலே இறப்பதற்கு முன்னரே பள்ளிக்கூடங்களைத் தொடங்கினார். இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி அம்முயற்சியின் வழி வந்தது. கத்தோலிக்கரின் புனித மிக்கேல் கல்லூரி 1873 இலே தோன்றியது. யாழ்ப்பாணத்திலோ ஆறுமுக நாவலர் 1848 இலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1890 இலே யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியும் உருப்பெற்றது. கீழ் மாகாணத்திலே சைவ மக்கள் உயர்தர ஆங்கிலப் பள்ளிகளைத் தாமே அமைத்துக்கொள்ளுதற்கு மேலும் பல ஆண்டுகள் சென்றன.

இத்தாமதத்திற்கு நிலத்தின் அமைப்பும் ஒரு காரணம். வாவியின் கிழக்கே கடலை நோக்கிய நிலம் எழுவான்கரை எனப்படும். மேற்கே வயல் சூழ்ந்த நிலம் படுவான்கரை எனப்படும். ஆங்கிலப் பள்ளிகள் பட்டினத்தையும் அதனைச் சார்ந்த ஊர்களையும் ஒட்டியே நின்றன. படுவான்கரையிலுள்ள உழவனின் மகன் அங்குக் கற்க விரும்பின், தோணியேறித் துறை கடக்கவேண்டும், பட்டினத்தில் தங்கி உண்ண இடம் வேண்டும், கட்டணமும் செலுத்தவேண்டும். மாரிகாலத்து வெள்ளம் பாதைகளை மூடிவிடும். ஆகவே அறிவிற் குறைவில்லாத பிள்ளைகள் பலர் ஊர்ப் பள்ளியின் கீழ் வகுப்புகளோடு நின்றுவிட்டனர்.

இக்குறையை உணர்ந்தவர் சுவாமி விபுலானந்தர். 1892 இலே காரைதீவிற் பிறந்து மயில்வாகனன் என்னும் பிள்ளைப்பெயர் பெற்ற அவர், கல்முனை மெதடிஸ்த பள்ளியிலும் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் கற்றவர். 1916 இலே மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பரீட்சையிலும், 1920 இலே இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டப் பரீட்சையிலும் தேறினார். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர் பதவியைத் துறந்து சென்னை இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்து, 1924 இலே துறவு பூண்டார். கிறித்தவப் பள்ளிகளின் நன்மையை நேரே பெற்றவர் சைவப் பிள்ளைகளுக்குப் பள்ளி அமைத்தது பகைமையால் அன்று. தம்முடைய சமயத்தையும் தாய்மொழியையும் விட்டுக்கொடாமலே ஒரு பிள்ளை விஞ்ஞானமும் ஆங்கிலமும் கற்றல் கூடும் என்பதற்கு அவரே சான்றாயினார். அவ்வாய்ப்பு ஏழைப் பிள்ளைகளுக்கும் கிட்டுதல் வேண்டும் என்பதே அவர் கருத்து.

இராமகிருஷ்ண மிஷனின் இரண்டாவது தலைவராகிய சுவாமி சிவானந்தரின் பெயரைத் தாங்கி அவ்வித்தியாலயம் எழுந்தது. அதனோடு மாணவர் இல்லமும் இணைந்து நின்றமை குறிப்பிடத்தக்கது. வகுப்பறை அறிவைத் தந்தது. இல்லமோ பெற்றோரை இழந்த பிள்ளைக்கும் தூர ஊர்ப் பிள்ளைக்கும் உணவும் உறைவிடமும் தந்தது. முன்னதன் பயன் பரீட்சைப் பட்டியலிலே தோன்றும். பின்னதன் பயன், அப்பட்டியலில் யாருடைய பெயர் இடம்பெற்றது என்பதை நோக்குவார்க்கே தோன்றும்.

அக்காலத்து உதவி நன்கொடை பெறும் பள்ளிகளின் நிலையும் ஈண்டு அறியற்பாலது. அவை அரசினர் பள்ளிகள் அல்ல; முற்றிலும் தனித்தவையும் அல்ல. அரசினர் விதிகளுக்கு அமைந்து நன்கொடை பெற்றனவாயினும், நிலமும் கட்டிடமும் தளபாடமும் தேடும் பொறுப்பு முகாமையாளரையே சார்ந்தது. முகாமையாளரோ ஊரவரை நாடினர். ஒருவர் பணம் அளிப்பார். ஒருவர் மரம் அளிப்பார். வேளாண்மை வெட்டியபின் ஒருவர் நெல் அளிப்பார். அளிக்க ஒன்றும் இல்லாதவர் தம் உடலுழைப்பை அளிப்பார். இத்தகைய பள்ளியிலே பெற்றோர் விருந்தினர் அல்லர், உரிமையாளரே ஆவர்.

பள்ளியின் ஆண்டும் ஊரின் ஆண்டும் பிணைந்தே சென்றன. மாரி ஓய்ந்து தை பிறக்கப் பொங்கல் வரும். பெரும்போக அறுவடைக் காலத்திலே வயலூர்ப் பிள்ளைகளின் வரவு குறையும். வைகாசியிற் கண்ணகி அம்மன் கோயில்களிலே குளிர்த்தி நிகழும். புரட்டாதியில் நவராத்திரி வர, கலைமகள் பூசைக்குப் பெற்றோர் பள்ளிக்கு வருவர். இவ்வொழுங்கைக் கல்விக்கு இடையூறாகக் கருதாது கல்வியின் ஒரு பகுதியாகக் கருதுதல் தமிழர் நடத்திய பள்ளிகளுக்கு எளிதாயிற்று. கண்ணகி வழிபாடு நிலைத்த நாட்டிலே பிறந்தவர் சிலப்பதிகாரத்து இசை மரபை ஆராய்ந்து ‘யாழ் நூல்’ எழுதினார் என்பதும் இங்கு எண்ணத்தக்கது.

ஒரு நிறுவனத்தின் உறுதி அதன் நிறுவுநர் இல்லாத ஆண்டுகளிலேதான் வெளிப்படும். வித்தியாலயம் தோன்றிய இரண்டாண்டில், 1931 இலே, விபுலானந்தர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராகச் சென்றார். பின்னர் இமயத்து மாயாவதியில் தங்கி ‘பிரபுத்த பாரதம்’ என்னும் ஆங்கில இதழின் ஆசிரியராய் இருந்தார். 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியரானார். அவ்வாண்டுகளிலும் கல்லடி உப்போடையில் மணி அடித்தது, வகுப்புகள் நடந்தன, இல்லத்திலே அடுப்பு எரிந்தது. ஒருவர் ஏற்றிய விளக்கிற்குப் பலர் எண்ணெய் வார்த்தனர். 1947 ஆம் ஆண்டு ஆனித் திங்களில் ‘யாழ் நூல்’ அரங்கேறியது. யூலை 19 இலே அடிகள் இறையடி எய்தினார். அவர் உடல் வித்தியாலய வளவிலேயே அடக்கஞ் செய்யப்பட்டது.

அதற்கு முன்னரே, 1945 இலே வந்த இலவசக் கல்வித் திட்டம் கட்டணம் என்னும் தடையைப் பெரிதும் நீக்கிற்று. 1960, 1961 ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் நன்கொடை பெற்ற பள்ளிகளின் நிர்வாகத்தையும் பின்னர் உடைமையையும் அரசினர் ஏற்க வழி செய்தன. யாழ்ப்பாணத்துப் பரியோவான் கல்லூரி, சம்பத்திரிசியார் கல்லூரி போன்ற சில தனித்து நின்றன. சிவானந்த வித்தியாலயம் உட்படப் பெரும்பாலான இந்துப் பள்ளிகள் அரசினர் பாடசாலைகளாயின. இம்மாற்றத்தால் ஆசிரியர் சம்பளமும் கட்டிடச் செலவும் ஊரவரின் தோளினின்றும் இறங்கின. நாட்டின் மூலைகளிலுள்ள பிள்ளைகளும் ஒரே உரிமை பெற்றனர். இது பெரு நன்மை. ஆயினும், சுமை இறங்கிய இடத்தில் உரிமை உணர்ச்சியும் தளரக்கூடும் என்பதை மறுத்தல் இயலாது. தன் நெல்லைக் கொடுத்தவன் அப்பள்ளியின் ஆண்டறிக்கையைக் கேட்க உரிமையோடு வருவான். ஒன்றும் கொடாதவன் அழைப்பிதழ் கிடைத்தால் மாத்திரமே வருவான்.

பட்டினத்திற்கு வடக்கே ஏறத்தாழ 20 மைலில் அமைந்த வாழைச்சேனைக்கும் இவ்வரலாறு உரியதே. 1928 இலே மட்டக்களப்பு வரை நீண்ட புகையிரதப் பாதை இவ்வூரைப் பிற நகரங்களோடு இணைத்தது. 1950 களின் நடுப்பகுதியில் இங்குத் தோன்றிய காகித ஆலை, உழவும் மீன்பிடியும் வாழ்வாயிருந்த ஊருக்குத் தொழிலாளரையும் அலுவலரையும் கொணர்ந்தது. பிள்ளைகள் எழுதும் தாளுக்குப் புகழ்பெற்ற ஊரிலே, அத்தாளில் எழுதவேண்டிய பிள்ளைகளுள் எவரேனும் வகுப்பிற்கு வெளியே நிற்பின் அது அவ்வூருக்குப் பெருமையாகாது.

சம்பளப் பதிவேட்டை அரசு ஏற்றுக்கொண்டது. பசியோடு வரும் பிள்ளையை அறிதலும், அறுவடையின்பின் வகுப்பிற்குத் திரும்பாத மாணவனைத் தேடி அவன் வாயிலுக்குச் செல்லுதலும், கற்றுயர்ந்தோர் தாம் கற்ற பள்ளியை மறவாமையும் எச்சட்டத்தாலும் எவரிடமும் கையளிக்கப்படவில்லை. பெற்றோரும் ஆசிரியரும் பழைய மாணவரும் அவற்றை ஏற்று நடத்தும் ஆண்டே ஒரு கல்லூரியின் சாதனை ஆண்டு எனப்படும். கல்லடி உப்போடையில் 1929 இலே தொடங்கிய கணக்கு இவ்வகையில் இன்னும் முடிவுறாதது.