வெண்சமநிலை

டிஜிட்டல் கேமராவில் ஒளியின் நிறச்சாயலை ஈடுகட்டும் கணக்கீடு வெண்சமநிலை. புகைப்படக்காரர்கள் ஒயிட் பேலன்ஸ் என்பார்கள். வெள்ளையை வெள்ளையாக்குவதே இதன் வேலை என்று பெயர் சொன்னாலும், வெள்ளையை முழுக்க வெளுத்துவிட்டால் இயல்பான நிறம் போய்விடும் என்பதே இதன் வரலாறு தரும் பாடம். மெழுகுவர்த்திச் சுடரின் நிற வெப்பநிலை ஏறத்தாழ 1,900 கெல்வின், குண்டு பல்பு 2,800, நண்பகல் வெயில் 5,500, திறந்தவெளி நிழல் 7,000க்கும் மேல். எண் ஏற ஏற ஒளியில் நீலம் கூடும். ஆனாலும் ஒரே தாள் எல்லா இடத்திலும் நமக்கு வெள்ளையாகவே படுகிறது. கண்ணின் மூவகை நிற உணர்விகளும் தத்தம் கூர்மையைத் தனித்தனியே மாற்றிக்கொள்கின்றன என்று 1902இல் யோஹன்னஸ் ஃபான் கிரீஸ் விளக்கினார். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் வெவ்வேறு எண்ணால் பெருக்கும் இன்றைய கேமராவும் அந்த வழியில்தான் போகிறது.

ஃபிலிம் காலத்தில் எந்த ஒளியை வெள்ளையாகக் கொள்வது என்ற முடிவு ஆலையிலேயே எடுக்கப்பட்டுவிட்டது. பகலொளி ஃபிலிமை 5,500 கெல்வினுக்கும், டங்ஸ்டன் ஃபிலிமை 3,200க்கும் செய்தார்கள். பகலொளி ஃபிலிமில் விளக்கொளிப் படம் எடுக்க 80ஏ என்ற நீல ஃபில்டர் வேண்டும். டங்ஸ்டன் ஃபிலிமை வெயிலுக்குக் கொண்டுபோக 85பி என்ற ஆரஞ்சு ஃபில்டர். பிரின்ட் போடுவதில் கோடாக்கின் ரால்ஃப் எவன்ஸ் வேறொரு வழி கண்டார்: பெரும்பாலான காட்சிகளின் நிறங்களையெல்லாம் கலந்தால் சாம்பல் வரும் என்ற ஊகத்தில் அமைந்த முறைக்கு 1951இல் காப்புரிமை பெற்றார். ஆட்டோ ஒயிட் பேலன்ஸின் வேர்களில் ஒன்று இந்த ஊகம். நாற்று நட்ட வயலிலோ செம்மண் காட்டிலோ இது பொய்த்துவிடும். வயலின் பச்சையையே ஒளியின் குறையாக எண்ணி, இந்தக் கணக்கு படத்தில் மெஜந்தாவை ஏற்றும்.

கண்ணும் முழுதாக ஈடுகட்டுவதில்லை. குண்டு பல்பு எரியும் அறை சற்று மஞ்சளாகவும், அந்திவெயில் விழும் வெள்ளைச் சுவர் பொன்னாகவும்தான் தெரிகின்றன. அந்தச் சாயலைத் துடைத்தெடுத்தால் பார்த்த காட்சியே மறைந்துவிடும். அதனால் அந்தியில் ஆட்டோவை விட்டுப் பகலொளி அமைப்பில் நிறுத்துவதே சரி. ஜவுளிப் படத்துக்கு இது ஒத்துவருமா என்று கேட்பது நியாயம்தான். கடையில் சேலையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பவருக்குத் துணியின் நிறம் வேண்டும், கடை விளக்கின் நிறம் வேண்டாம். அங்கே சாம்பல் அட்டையை வைத்து அளப்பதே முறை. ரா ஃபைலில் எடுத்துப் பிறகு மாற்றிக்கொள்ளலாமே என்பார்கள். மாற்றலாம், ஆனால் எந்த எண் இயல்பானது என்று கணினி முன் உட்கார்ந்தும் தீர்மானித்தாக வேண்டும், அதற்குள் அந்த ஒளி நினைவில் மங்கியிருக்கும். ஜன்னல் வெளிச்சமும் பல்பு வெளிச்சமும் ஒரே முகத்தில் விழுந்தால் எந்த ஓர் எண்ணும் இரண்டுக்கும் பொருந்தாது. அப்போது பல்பை அணைப்பதுதான் எளிய வழி.