சுவரின் வரிசையும் காலத்தின் வரிசையும்

எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராஜசிம்ம பல்லவன் எழுப்பிய காஞ்சிக் கைலாசநாதர் ஆலயத்தில், அவனுடைய விருதுப் பெயர்களை வரிசை வரிசையாகக் கண்டு வியந்தபடி முன்மண்டபத்தை அடைகிறவர், பகைவனாக வந்து நகரைக் கைப்பற்றிய சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன், கோயிலின் திரவியத்தைக் கவராமல் இறைவனுக்கே மீள அளித்ததைக் கூறும் கன்னடச் சாசனத்தை ஒரு தூணிலும், மதுரை கொண்ட முதற் பராந்தகன் காலத்துத் தமிழ்ச் சாசனங்களை அருகிலேயும் காண்பார். இங்கே முந்தியது எது, பிந்தியது எது என்று அரசர் பெயரே சொல்லிவிடுகிறது. எங்கும் விஷயம் இத்தனை சுலபமல்ல.

நம் சோழர் கல்வெட்டுகள் பெரும்பாலும் சகாப்தம் குறிப்பதில்லை; இன்ன அரசனுக்கு இத்தனையாவது யாண்டு என்பதோடு நின்றுவிடுகின்றன. அவ்வரசர்களோ இராஜகேசரி, பரகேசரி என்னும் பட்டங்களை மாறி மாறிச் சூடியவர்கள். ஆகவே பரகேசரி என்று மட்டும் பொறித்த ஒரு கல்லை விஜயாலயனுக்கும் உரிமையாக்கலாம், நூறாண்டுக்குப் பிற்பட்ட உத்தம சோழனுக்கும் உரிமையாக்கலாம். இராஜராஜன் தன் வெற்றிகளை மெய்க்கீர்த்தியாகப் பாடுவித்துச் சாசனத்தின் தலையில் வைத்தது ஆராய்ச்சியாளருக்குச் செய்த பேருபகாரம். போருக்குப் போர் அது நீண்டுகொண்டே போவதால், யாண்டு சிதைந்த கல்லிலும் எந்த வெற்றி வரை பாடியிருக்கிறது என்று பார்த்துக் காலத்தை ஒருவாறு நிர்ணயிக்கலாம்.

எண்ணை மட்டும் நம்பினால் நேரும் விபரீதத்துக்குத் திருமழபாடியே சிறந்த உதாரணம். வைத்தியநாதர் ஸ்ரீவிமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டுமாறும், அதற்குமுன் சுவரிலுள்ள சாசனங்களைப் புத்தகத்தில் பிரதி செய்துகொள்ளுமாறும் இராஜராஜனின் 28ஆம் யாண்டில் ஆணை பிறந்தது. அப்பிரதியிலிருந்து அவை மீண்டும் கல்லில் ஏறியதோ இராஜேந்திரனின் 14ஆம் யாண்டில். 28க்குப் பின் 14 வருவது எப்படி என்று மயங்க வேண்டாம்: இராஜராஜன் முடிசூடியது 985, இராஜேந்திரன் இளவரசுப் பட்டம் பெற்று யாண்டெண்ணத் தொடங்கியது 1012, அப்போது தந்தையும் ஆண்டுகொண்டிருந்தார், எனவே இருவர் கணக்கும் ஓரிரு வருஷம் பக்கம் பக்கமாக ஓடுகிறது. ஆணைக்கும் பொறிப்புக்கும் இடையே கழிந்தவை ஏறத்தாழப் பதின்மூன்று வருஷங்கள். அந்தச் சுவரில் உள்ள ஒரு தானத்துக்கு, கொடுத்த காலம் ஒன்று, கல்லில் ஏறிய காலம் வேறொன்று. எழுத்தின் வடிவத்தைக் கொண்டு காலம் கணிக்கும் நிபுணரும் இங்கே சறுக்குவார், ஏனெனில் எழுத்து பிரதி செய்தவனுடைய காலத்தது.

கொடுத்த காலம், பொறித்த காலம் என்னும் இவ்விரு வரிசைகளின்மேல் நம் காலத்தில் மூன்றாவது வரிசையும் ஏறியது. கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஷ் 1890இல் தென்னிந்தியச் சாசனங்களின் முதல் தொகுதியை வெளியிட்ட காலத்தையொட்டி, கல்வெட்டுத் துறையின் ஆண்டறிக்கைகளில் சாசனங்கள் பெறும் எண், அவை படியெடுக்கப்பட்ட ஆண்டையும் வரிசையையும் மட்டுமே காட்டுவது. முன் எண் பெற்றது மூத்த சாசனம் என்று கொள்ளும் பிழையைக் கற்றவரிடமும் கண்டிருக்கிறேன்.

ஒரு சாசனம் வேறொன்றை எடுத்துச் சொல்லுமானால், எடுத்துச் சொல்லப்பட்டதே மூத்தது. என் அபிப்பிராயத்தில், எந்த எண்ணையும்விட இந்தத் தாய்-சேய் முறை உறுதியானது. காஞ்சியின் ஊரகப் பெருமாளுக்குரிய உத்தம சோழனின் 16ஆம் யாண்டுச் செப்பேடு, சென்னை அருங்காட்சியகத்தில் இருப்பது, முந்தைய கல்வெட்டுகளில் கண்ட முதலீடுகளைத் தொகுத்து, அவற்றின் வட்டியால் நடக்க வேண்டிய திருப்பணிகளை வகுக்கிறது. கோயிற் காரியங்களைக் கவனிக்கும் பொறுப்பு கச்சிப்பேடு எனப்பட்ட காஞ்சியின் சேரிகளில் வாழ்ந்த பட்டசாலிகளாகிய நெசவாளரிடம் விடப்பட்டது. அந்தச் செப்பேட்டின் முற்பகுதி கிடைக்கவில்லை. ஆனால் அது சுட்டும் கற்கள் தனக்கு முந்தியவை என்பதற்கு எஞ்சிய ஏடுகளே சாட்சி.