தொல்காப்பியப் பூங்கா

சென்னையில் அடையாற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய உப்பங்கழியை மீட்டு உருவாக்கப்பட்ட சூழலியல் கல்வி மையம். பெயரிலுள்ள ‘பூங்கா’ என்ற சொல்தான் இதைப் பற்றிய பாதிக் குழப்பத்துக்குக் காரணம். ஊஞ்சலும் புல்தரையும் தேடி வருபவருக்கு இங்கே கிடைப்பது சேறும் கண்டலும்தான். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்த தொல்காப்பியத்தின் பெயரோ தற்செயலாகவேனும் மிகப் பொருந்திவிட்டது. கழியில் எதைப் பார்க்க முடியும் என்பதைக் கடலின் ஏற்றவற்றப் பொழுதே தீர்மானிக்கிறது.

ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் இந்தக் கழியில் நெடுங்காலம் குப்பையும் கட்டட இடிபாடுகளும் கொட்டப்பட்டன. ஓரங்களைத் தூர்த்துக் கட்டடம் எழுப்புவதை எதிர்த்து மக்கள் அமைப்புகள் உயர் நீதிமன்றம் சென்றன. 2006இல் அரசு அடையாறு பூங்கா அறக்கட்டளையை அமைத்தது. கூவம் முதலிய ஆறுகளின் பொறுப்பும் சேர்ந்தபின் அதுவே சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை ஆயிற்று. ஆரோவில்லின் பிச்சாண்டிக்குளம் குழுவினர் மீட்புத் திட்டத்தை வகுத்தனர். இடிபாடுகளை அகற்றி, குளங்கள் வெட்டி, கண்டலும் இந்தக் கடற்கரைக்கே உரிய மரங்களும் நட்டார்கள். 358 ஏக்கரில் முதற்கட்டமான 58 ஏக்கரை 2011 ஜனவரியில் முதல்வர் மு. கருணாநிதி திறந்துவைத்தார்.

தொடக்க ஆண்டுகளில் முன்பதிவு செய்த பள்ளிக் குழுக்களுக்கே முன்னுரிமை இருந்தது. மக்கள் பணத்தில் அமைத்ததை மக்களுக்கே அடைத்து வைப்பதா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் வற்றத்தின்போது சேற்றில் ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த நண்டு வளையைவிட்டு வெளியே வரும். காலடி அதிர்ந்தால் மறுகணமே உள்ளே போய்விடும். கூட்டம் நெரிந்தால் பாடமே ஓடிவிடும் இடம் இது. எனவே கட்டுப்பாடு தவறல்ல. நகரத்தில் இத்தகைய இடம் வேறு அதிகம் இல்லாததே தவறு. சுற்றுச்சூழலைப் பாடமாக்கும்படி உச்ச நீதிமன்றம் 1991இலேயே ஆணையிட்டது. அதற்கு வகுப்பறையில் படம் போதாதா என்றால், வெண்கண்டல் இலையில் பூத்திருக்கும் உப்பை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கும் பிள்ளைக்கு அந்த மரம் உப்புநீரில் பிழைக்கும் வழியை விளக்கப் படம் தேவைப்படாது.

வேலிக்குள் பசுமை, வெளியே ஆற்றில் சாக்கடை. இந்தப் பூங்கா வெறும் காட்சிப்பொருள் என்பது இன்னொரு குற்றச்சாட்டு. முன்னதைவிடக் கனமானதுதான். ஆனால் கழி ஆற்றிலிருந்து தனித்து நிற்கும் காட்சிப்பொருள் அல்ல; வேலியால் தண்ணீரைப் பிரிக்க முடியாது. ஆற்றின் மேற்பகுதியில் கலக்கும் கழிவு கழிக்குள்ளும் வருகிறது. முகத்துவாரத்தை மணல்திட்டு அடைத்தால், அதை வெட்டித் திறக்கும்வரை கழிக்குள் ஏற்றமும் இல்லை, வற்றமும் இல்லை.