எல்லைக்கல்லும் வீடு வாங்குவோரும்: திண்டுக்கல் நில அளவையின் வரலாறு

1792ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திண்டுக்கல் சீமை திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபின், கலெக்டர் ஹர்டிஸ் அங்குள்ள நிலங்களை அளந்து தீர்வை வகுக்க முற்பட்டார். ஆயினும் அவ்வளவை வரி வசூலுக்காக நடந்ததேயன்றி, வாங்குவோரின் காப்புக்காக அன்று.

பின்னாளில் சர்வே எண்ணும், ஒவ்வொரு புலத்தின் எல்லைக்கற்களையும் பக்க நீளங்களையும் காட்டும் புலப்படமும் வழக்கத்துக்கு வந்தன. 66 அடி நீளமும் 100 கண்ணிகளும் கொண்ட சங்கிலியே அன்றைய அளவுகோலாக இருந்தது. 1923ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம் எல்லைத் தகராறுகளைத் தீர்க்கும் முறையை வகுத்தபின், அளவைக் கணக்கு சொத்துரிமைக்கும் துணையாயிற்று.

பத்திரத்தில் எழுதிய பரப்பும் சர்வேயர் அளந்த பரப்பும் பொருந்தாதபோது வாங்குவோர் தயங்குவது இயல்பே. ஆனால் செக்குபந்தி எனப்படும் நான்கெல்லை விவரம் தெளிவாக இருப்பின், பரப்பைவிட எல்லைக்கே முதன்மை தருவது நீதிமன்றங்கள் பொதுவாகக் கடைப்பிடிக்கும் நெறியாதலால், சிறு குறைவை விலையில் சரிக்கட்டிக்கொள்ளலாம். மாறாக, வீட்டின் ஒரு பகுதி ஓடைப் புறம்போக்கில், அதாவது நீர்வழிக்கென ஒதுக்கிய அரசு நிலத்தில், நிற்பதாக அளவை காட்டினால், அக்குறை எவ்வளவு விலை குறைத்தாலும் தீராது. அவ்வீட்டைக் கைவிடுவதே வாங்குவோருக்கும், மழைநீரை நம்பி வாழும் திண்டுக்கல் வட்டாரச் சமவெளிக்கும் நன்மை.