தண்டுவட மருத்துவம்: வேலூரும் வசந்த் குஞ்சும்

சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முந்தைய எகிப்திய மருத்துவச் சுவடி ஒன்று, கழுத்து முள்ளெலும்பு பிசகிக் கைகால் உணர்விழந்தவனுக்கு வைத்தியமே வேண்டாம் என்று கைவிடுகிறது. இருபதாம் நூற்றாண்டு வரை ஏறக்குறைய இதே நிலைதான். படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும் ஆளைக் கொண்டுபோய்விடும். 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் டாக்டர் லுட்விக் குட்மன் தனிப் பிரிவு தொடங்கிய பிறகே வழி பிறந்தது.

நம் நாட்டில் இத்துறைக்கு வழிகாட்டியவர்களில் இருவர், தாமே அடிபட்டவர்கள். ஆரணிப் பக்கத்துக்காரர்களான எங்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரின்னா வேலூர்தான். அங்கே பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ், 1954-இல் சாலை விபத்தில் நடக்கும் சக்தியை இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது அவர் முயற்சியால்தான். மேஜர் எச்.பி.எஸ். அலுவாலியா 1965 மே மாதம் எவரெஸ்ட் ஏறினார். அதே ஆண்டுப் போரில் குண்டு அவர் தண்டுவடத்தைத் தாக்கியது. ஸ்டோக் மாண்டவிலில் சிகிச்சை பெற்றவர், இதே டெல்லி வசந்த் குஞ்சில் இந்திய முதுகுத்தண்டு காய மையத்தை நிறுவினார். 2022-இல் மறைந்தார்.

அடிபட்டவரின் தசை செத்துவிடுவதில்லை. மூளையின் கட்டளைதான் அதற்கு வந்து சேருவதில்லை. பலருக்குக் காயத்தின் ஊடே சில நரம்பிழைகள் அறாமல் மிஞ்சும். காயத்துக்குக் கீழே தண்டுவடத்தில் மின்தூண்டல் கொடுத்தால், அந்த மெல்லிய கட்டளைக்கும் தசை அசையலாம். 2018-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் மூவர் இவ்வாறு, துணைக்கருவியோடும் இடைவிடாப் பயிற்சியோடும் நடந்தனர். கழுத்தில் அடிபட்டு, நரம்பு முழுதும் அறாதவர்களின் கைகளுக்கு வலுவூட்ட, தோலின் மேல் வைக்கும் கருவி ஒன்றுக்கு 2024 டிசம்பரில் அமெரிக்க அரசு அனுமதி அளித்தது.

வசந்த் குஞ்சு மையத்திலும் ஓர் ஆய்வு நடந்தது. மூக்கின் உட்சவ்வை எடுத்துத் தண்டுவடத்தில் பொருத்திப் பார்த்தார்கள். ஐந்து பேரிடம் செய்ததில் குறிப்பிடத்தக்க பலன் இல்லை என்று 2009-இல் வெளிப்படையாகவே எழுதினார்கள். நஷ்டக் கணக்கையும் மறைக்காமல் எழுதுபவனை வியாபாரி நம்புவான். எனக்கு அவர்கள்மேல் மதிப்புக் கூடியது அதனால்தான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஸ்டெம் செல் ஊசி போட்டால் எழுந்து நடக்கலாம் என்ற பேச்சை நம்பி, ஊர் நிலத்தை விற்ற குடும்பம் எனக்குத் தெரியும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைப்படி தண்டுவடக் காயத்துக்கு அது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை அல்ல. ஆய்வாக மட்டுமே செய்யலாம், ஆய்வுக்கு வருபவரிடம் காசு வாங்கக் கூடாது. ஆகவே அன்பர்களே, வீட்டில் இப்படி ஒருவர் படுத்திருந்தால், பணத்தை முதலில் பிசியோதெரபிக்கும் நல்ல சக்கர நாற்காலிக்கும் செலவிடுங்கள். ஊசிக்கு எவராவது விலை சொன்னால், "இது ஆய்வா, வியாபாரமா?" என்று தயங்காமல் கேளுங்கள்.